இறுகிப்போன ஸிப்பை இழுக்காதீர்கள்

குளிர்காலத்தில் கோயிலில் பூசை முடிந்தபின் ஜக்கெற் கொழுவும் அறைப் பக்கம் ஒருமுறை நின்று பாருங்கள். ஒரு தாய் பிள்ளையின் ஜக்கெற்றை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கு வெடுக்கென்று மேலே இழுப்பார். பிள்ளை நாடியை உயர்த்திக்கொண்டு அழுகைக்குத் தயாராக நிற்கும். சப்பாத்துப் போட வந்தவர்கள் பின்னால் நெருக்குவார்கள். கடைசியில் "சரி, காருக்குத்தானே போகிறோம்" என்று, நெஞ்சு திறந்தபடியே பிள்ளை வெளியே போகும்.

கார் உள்ளவருக்கு அது பெரிய காரியமல்ல. பஸ் தரிப்பில் நிற்பவருக்கும், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் பிள்ளைக்கும் அது பெரிய காரியம். காற்றோடு சேர்ந்த குளிர் சைபருக்குக் கீழே 28 பாகையைத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடிய வானிலைத் திணைக்களம் சொல்லுகிறது. ரொறன்ரோவில் அப்படியான காலைகள் சில வருடம் சில நாட்களே வரும். ஆனால் அந்த நாட்களிலும் பள்ளிக்கூடம் உண்டு, வேலையும் உண்டு.

எங்கள் ஊரில் ஸிப் என்பது காற்சட்டையிலும் பயணப் பையிலும் இருந்த ஒரு சாமான். பழுதானால் ஊசி குத்திச் சமாளித்தோம். இங்கே அது ஐந்து மாதம் உடம்புக்குக் கதவு. அந்தக் கதவு இறுகினால் என்ன செய்வது என்று எங்களில் பலருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்தப் பாடம். நான் கணக்குப் பார்க்கிறவன், தையற்காரன் அல்லன். ஆனால் பரீட்சை மீதி ஒத்து வராவிட்டால் எந்தக் கணக்காளனும் முழுப் பேரேட்டையும் கிழித்து எறிவதில்லை. எந்தப் பக்கத்தில் பிழை என்று தேடுவான். ஸிப்பிலும் அதையேதான் செய்யவேண்டும்.

முதலில் அதன் உறுப்புகளை அறிந்துகொள்வோம். இரண்டு பக்கமும் ஜக்கெற்றோடு தைத்திருக்கும் துணிப்பட்டியை நாடா என்போம். நாடாவின் ஓரத்தில் இருப்பவை பற்கள். பற்களின்மேல் ஏறி இறங்கும் துண்டை இந்தக் கட்டுரையில் ஓடி என்று அழைப்போம். ஓடியில் தொங்குவது, நாங்கள் விரலால் பிடிப்பது, பிடி. ஜக்கெற்றின் அடியில் ஒரு பக்கம் சின்னக் கம்பியும் மறுபக்கம் அந்தக் கம்பி இறங்கும் சின்னப் பெட்டியும் இருக்கும். இவ்வளவுதான்.

எல்லாச் சூட்சுமமும் ஓடிக்குள் இருக்கிறது. ஓடியின் முனைகளைப் பாருங்கள். மேல் முனையில் இரண்டு வாய், கீழ் முனையில் ஒரு வாய். உள்ளே ஆங்கில 'வை' எழுத்து மாதிரி ஒரு பாதை. பூட்டும்போது பிரிந்த பற்கள் இரண்டு வாயாலும் சாய்வாக உள்ளே போகின்றன. ஓடியின் சுவர்கள் அவற்றை ஒன்றோடொன்று நெருக்குகின்றன. ஒரு பல்லின் முனை எதிர்ப்பக்கத்துப் பற்களுக்கு இடையில் போய் உட்காருகிறது. நிமிர்ந்தவுடன் அவை பூட்டிக்கொள்ளும். அதன்பின் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. திறக்கும்போது ஓடியின் நடுவில் உள்ள ஆப்புப் போன்ற பகுதி பற்களை மீண்டும் சாய்த்துப் பிரிக்கிறது. ஆகவே ஸிப் ஓடுவதற்கு இரண்டு விடயம் வேண்டும்: பாதையில் தடை இருக்கக்கூடாது, ஓடியின் வாய் சரியான அகலத்தில் இருக்கவேண்டும். ஸிப்பில் வரும் வருத்தங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். நாடாவிலோ ஜக்கெற்றிலோ அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தப் பொருளுக்கும் நாங்கள் வாழும் மாகாணத்துக்கும் ஓர் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1893 இல் விட்கொம்ப் ஜட்சன் என்ற அமெரிக்கர் சப்பாத்துகளுக்காக ஒரு பூட்டு முறைக்கு உரிமம் எடுத்து, அதே வருடம் சிக்காகோ உலகக் கண்காட்சியில் காட்டினார். அது கொக்கியும் வளையமுமாக இருந்தபடியால் திடீர் திடீரென்று திறந்துகொண்டது, மக்கள் விரும்பவில்லை. சுவீடனில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த கிடியன் சண்ட்பாக் என்ற பொறியியலாளர்தான் அதைத் திருத்தியவர். கொக்கிகளை எடுத்துவிட்டு, ஒரே மாதிரியான சிறு பற்களை நெருக்கமாக, ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பதினொன்று வரும்படி வைத்தார். 1917 இல் அவருக்கு உரிமம் கிடைத்தது. பின்னர் எங்கள் ஒன்ராறியோவில் சென் கத்தரின்ஸ் நகரில் இயங்கிய லைட்னிங் பாஸ்ற்னர் கொம்பனியின் தலைவராகவும் இருந்தார். நயாகரா பார்க்கப் போகும் வழியில் நாங்கள் எல்லோரும் கடந்து போகும் நகரம் அது. 'ஸிப்பர்' என்ற பெயர் 1923 இல் குட்றிச் கொம்பனி தன் றப்பர் சப்பாத்துகளுக்கு வைத்தது. நாங்கள் இன்று இழுத்து உடைப்பதும் ஏறக்குறைய சண்ட்பாக் செய்த அதே அமைப்பைத்தான்.

இனிப் பழுதுகளுக்கு வருவோம். ஸிப் நின்றுவிட்டால் முதற் காரியம், கையை எடுப்பது. இரண்டாவது, வெளிச்சத்துக்குப் போய் ஓடிக்கு மேலும் கீழும், முன்னும் பின்னும் பார்ப்பது. பலர் முன்பக்கம் மாத்திரம் பார்ப்பார்கள். துணி சிக்குவது பெரும்பாலும் பின்பக்கத்தில், உள்துணியில்.

துணி சிக்கியிருந்தால் ஓடியை மேலே இழுக்கவே கூடாது. மேலே இழுக்க இழுக்க இன்னும் துணி உள்ளே போகும். ஓடியை ஒரு கையால் அசையாமல் பிடியுங்கள். மற்றக் கையால் சிக்கிய துணியைப் பற்களுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் இறுக்கிப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தபடியே ஓடியை வந்த வழியாலேயே, கீழ்நோக்கி, அரிசியளவு அரிசியளவாக நகர்த்துங்கள். துணி ஒவ்வொரு இழையாக வெளியே வரும். மடிப்பு மொத்தமாக இருந்தால் ஒரு பற்குச்சியால் துணியின் ஓரத்தை மெதுவாக நெம்பிவிடலாம். கத்தரிக்கோல் எடுக்கவேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கினால் குற்றம் ஸிப்பில் இல்லை, ஸிப்புக்குப் பின்னால் தொங்கும் உள்மடிப்பில். அந்த மடிப்பை ஸிப்பிலிருந்து சற்று விலக்கி நாலைந்து தையல் போட்டுவிடுங்கள். பிறகு அந்த வருத்தம் வராது.

ஒன்றும் சிக்கவில்லை, ஆனாலும் ஓடி நகரமாட்டேன் என்கிறதா? அப்படியானால் அழுக்கு அல்லது உப்பு. வீதியிலே பனி கரைவதற்காகக் கொட்டும் உப்பு எங்கள் சப்பாத்தை வெள்ளையாக்குவதைப் பார்க்கிறோம். அதே உப்புத்தண்ணீர் தெறித்து ஜக்கெற்றின் அடிப்பகுதியிலும் சப்பாத்து ஸிப்பிலும் காய்ந்து நிற்கும். உலோகப் பற்களில் அது பூஞ்சணம் மாதிரிப் படியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டு, பழைய பல்தூரிகையால் பற்களையும் ஓடியின் வாய்களையும் தேய்த்துக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். ஆகாவிட்டால் வழுவழுப்புக் கொடுக்கவேண்டும். உலோகப் பல்லுக்குப் பென்சில் கரியே போதும். பென்சில் முனையை இரண்டு பக்கப் பற்களிலும் மேலும் கீழுமாக உரசி, ஓடியைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். வெளிர் நிறத் துணியில் கரி பிடிக்கும், கவனம். பிளாஸ்ரிக் பல்லுக்கும் நைலோன் சுருள் பல்லுக்கும் மெழுகுதிரித் துண்டு நல்லது. உரசியபின் உதிர்ந்த மெழுகைத் தட்டிவிடுங்கள். காய்ந்த சவர்க்காரத் துண்டும் அவசரத்துக்கு உதவும்.

எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மருந்து தேங்காய் எண்ணெய். ஸிப்புக்கு மாத்திரம் அதை விடவேண்டாம். துணியில் ஊறிக் கறையாகும், குளிரில் கட்டியாகும், தூசியை இழுத்துப் பிடித்து வைக்கும். இன்றைக்கு ஓடும் ஸிப் அடுத்த மாதம் முன்னிலும் மோசமாக இறுகும்.

வெளியே நிற்கும்போது நனைந்த ஸிப் உறைந்து இறுகுவதும் உண்டு. உடனே வாயால் ஊதத் தோன்றும். அந்த மூச்சின் ஈரமே மறுபடி உறைந்துவிடும். கையுறையைக் கழற்றி உள்ளங்கையால் ஓடியைச் சிறிது நேரம் பொத்திப் பிடியுங்கள். அல்லது ஏதாவது கட்டடத்துக்குள் போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள். சிறுவர்களுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: உறைந்த உலோகத்தில் நாக்கை வைக்கக்கூடாது.

ஜக்கெற் ஸிப்பில் இன்னொரு பழுது, உண்மையில் பழுதே அல்ல. அடியில் உள்ள கம்பி பெட்டிக்குள் முழுவதும் இறங்காமலே பிடியை இழுத்துவிடுகிறோம். அப்போது ஒரு பக்கம் ஒரு பல் முந்தி ஏறும், சில அங்குலம் போய் இறுகும். பிள்ளைகளின் ஸிப் இறுகுவதற்கு இதுதான் முதற் காரணம் என்பது என் கணிப்பு. ஓடி பெட்டியைத் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். கம்பியை ஓடியின் வாய்க்குள்ளால் பெட்டியின் அடி தொடும்வரை இறக்கவேண்டும். இடக்கையால் அடியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு வலக்கையால் பிடியை நேரே மேலே தூக்கவேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கும் இதைப் பழக்கலாம். வகுப்பில் இருபது பிள்ளைக்கு மேல் இருக்கும்போது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பூட்டிவிட நேரம் இராது. தானாகப் பூட்டத் தெரியாத பிள்ளை திறந்த ஜக்கெற்றோடுதான் விளையாடப் போகும். ஜக்கெற்றை மேசையில் விரித்து வைத்துப் பழக்குங்கள், உடம்பில் போட்டுக்கொண்டு பிறகு பழகட்டும்.

கம்பியின் மேலே நாடா நைந்து தும்பு பறந்தால் கம்பி வாய்க்குள் போகாது. தும்பை நேராகக் கத்தரித்து, நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு முறை பூசிக் காயவிட்டால் நாடா விறைத்து நிற்கும். ஒரு குளிர்காலத்தை அதோடு ஓட்டலாம்.

பூட்டினபின் நடுவில் வாய் பிளக்கும் ஸிப்

இதைத்தான் எல்லோரும் "ஸிப் போய்விட்டது" என்று சொல்லி ஜக்கெற்றை எறிகிறார்கள். ஓடி தடையில்லாமல் மேலே போகும், ஆனால் பின்னால் பற்கள் பூட்டாமல் திறந்தபடி கிடக்கும். பற்களை விரலால் தடவிப் பாருங்கள். வளைந்ததோ விழுந்ததோ இல்லையென்றால் பற்களில் குற்றமில்லை. ஓடி தேய்ந்து அதன் கீழ்வாய் விரிந்துவிட்டது, பற்களை நெருக்க அதற்குப் பலமில்லை. அவ்வளவுதான்.

நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்த முதற் குளிர்காலத்தில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜக்கெற், அதுவும் பழைய உடுப்புக் கடையில் வாங்கியது. தை மாதத்தில் அதன் ஸிப் இப்படிப் பிளந்தது. ஒரு கடையில் முழு ஸிப்பையும் மாற்றவேண்டும் என்று சொல்லி, ஜக்கெற்றுக்கு நான் கொடுத்ததைவிடக் கூடிய தொகை கேட்டார்கள். வேறொரு சலவைக் கடையின் பின்புறத்தில் தையல் வேலை செய்த எங்கள் ஊர் ஐயா ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். மேசை லாச்சியிலிருந்து குறட்டை எடுத்தார். இரண்டு தரம் நெரித்தார். ஏற்றி இறக்கிக் காட்டினார். காசு வேண்டாம் என்றார். அந்த ஜக்கெற்றை மேலும் மூன்று குளிர்காலம் போட்டேன்.

அவர் செய்தது இதுதான். ஓடியை அடிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாய் உள்ள கீழ் முனையில், ஓடியின் மேல்தகடும் கீழ்த்தகடும் சந்திக்கும் ஓரத்தைச் சிறு குறட்டால் பிடித்து, முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், சாடையாக நெரியுங்கள். ஏற்றிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவாக நெரிப்பது முக்கியம். ஓடி வார்ப்பு உலோகம், பலமாக நெரித்தால் வெடித்துவிடும். குளிரில் இருந்து வந்தவுடன் செய்யாமல் வீட்டுச் சூட்டுக்கு வரவிட்டுச் செய்யுங்கள். அளவுக்கு மிஞ்சி நெரித்து ஓடி இறுகினால், தட்டையான ஸ்குறூ றைவர் முனையை வாய்க்குள் வைத்து மயிரளவு விரிக்கலாம்.

நெரித்தும் சரிவராவிட்டால், அல்லது ஓடி உடைந்தால், ஓடியை மாத்திரம் மாற்றலாம். முழு ஸிப்பையும் மாற்றத் தேவையில்லை. ஓடியின் பின்பக்கத்தைப் பாருங்கள், 3, 5, 8, 10 என்று ஓர் இலக்கம் இருக்கும். பூட்டிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீற்றர் என்பது அதன் பொருள். பாவாடை, காற்சட்டைகளுக்கு 3, ஜக்கெற்றுக்குப் பெரும்பாலும் 5, கனமான கோட்டுக்கும் பயணப் பைக்கும் 8 அல்லது 10. பல ஓடிகளில் வை.கே.கே. என்ற மூன்றெழுத்தும் இருக்கும். அது 1934 இல் ரோக்கியோவில் ததாவோ யொஷிதா தொடங்கிய கொம்பனியின் பெயர்ச் சுருக்கம். தையற் சாமான் கடைக்குப் பழைய ஓடியைக் கையோடு கொண்டுபோங்கள். இலக்கம் ஒத்திருந்தால் மாத்திரம் போதாது. பல் உலோகமா, வார்த்த பிளாஸ்ரிக்கா, நைலோன் சுருளா என்பதும் ஒத்திருக்கவேண்டும்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. ஜக்கெற்றில் ஓடி பெட்டி உள்ள பக்கத்தில்தான் நிற்கும். அந்தப் பக்கத்து உச்சியில் உள்ள சிறு தடையைக் குறட்டால் கழற்றி, பழைய ஓடியை மேலால் உருவுங்கள். புதியதைப் பிடி வெளிப்பக்கம் பார்க்க, ஒரு வாய் உள்ள முனை கீழே வர, மேலிருந்து இறக்குங்கள். தடை இருந்த இடத்தில் தடித்த நூலால் ஏழெட்டுச் சுற்றுத் தைத்து முடிச்சுப் போடுங்கள், ஓடி கழன்று வராது. நடுவில் பல் விழுந்த ஸிப்புக்கு மாத்திரம் இந்த வைத்தியம் எதுவும் பலியாது. அதற்குத் தையற்கடைதான்.

கணக்காளனாக ஒரு சொல். ஓடி ஒன்றின் விலை சில டொலர். மூத்தவனிடமிருந்து இளையவனுக்கும், பிறகு மைத்துனியின் மகனுக்கும் இறங்கி வரும் ஜக்கெற்றின் பெறுமானத் தேய்வை எந்தக் கணக்கியல் நியமத்தாலும் கணக்கிட முடியாது. ஆனால் அந்த மூன்று பிள்ளைக்கும் சேர்த்து அதன் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த ஒரு துண்டு. ஆகையால் உடுப்புத் தோய்க்கும் மெஷினில் போடுமுன் ஸிப்பைப் பூட்டிவிடுங்கள். திறந்த ஸிப் மற்ற உடுப்பில் கொழுவிப் பல்லை வளைக்கும்.

ஆபத்தான விடயம் ஒன்றையும் சொல்லவேண்டும். ஸிப்பில் துணி அல்லாமல் தோல் சிக்கினால், நாடியோ கழுத்தோ சிறு பையன்களின் மென்மையான இடமோ, மேலேயும் கீழேயும் இழுக்காதீர்கள். பிள்ளையை அசையாமல் வைத்திருங்கள். பேபி ஓயில் இருந்தால் சிக்கிய இடத்தில் தாராளமாக விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். இங்கே எண்ணெய்க்குத் தடையில்லை. தானாக நழுவாவிட்டால் ஜக்கெற்றைச் சுற்றிவரக் கத்தரித்துவிட்டு, ஸிப்போடு பிள்ளையை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஓடியின் இரண்டு தகட்டையும் இணைக்கும் நடுப்பாலத்தை அவர்கள் வெட்டுவார்கள், ஓடி இரண்டாகி விழும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் பலமுறை கண்ட விடயம்.

கடைசியாக, எங்கள் வீட்டுப் பெரியவர்கள். வாழ்நாள் முழுவதும் சேலையும் கொளுக்கி வைத்த சட்டையும் உடுத்த அம்மம்மாமார் இங்கே வந்து எழுபது வயதில் ஸிப் பழகுகிறார்கள். மூட்டு வருத்தம் உள்ள விரலுக்கு அந்தச் சின்னப் பிடி பிடிபடாது. கம்பியைப் பெட்டிக்குள் இறக்கக் கண் தெரியாது. பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் பூட்டிவிட ஆளில்லை. "குளிர், நான் வரவில்லை" என்று அவர்கள் சொல்லும்போது பாதி நாட்களில் அது குளிரல்ல, ஸிப். கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். பிடியின் துளையில் ஒரு சாவி வளையத்தையோ தடித்த கயிற்றையோ கட்டிவிடுங்கள், முழு விரலையும் கொழுவி இழுக்கலாம். கீழேயும் மேலேயும் இரண்டு ஓடி உள்ள நீளக் கோட்டுகளை அவர்களுக்கு வாங்கவேண்டாம். இரண்டு ஓடியும் அடியில் ஒன்றாக நின்றால்தான் அது பூட்டும், இளம் பிள்ளைகளுக்கே சிரமம். பெரிய பிளாஸ்ரிக் பல் உள்ளதாக, ஓடி ஒன்று மாத்திரம் உள்ளதாகத் தேடுங்கள். காசு கொடுக்குமுன் கடையிலேயே அவர்களின் கையால் மூன்று முறை பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். கையுறை போட்டுக்கொண்டும் ஒரு முறை.